இடைநிற்றல் தடுப்பு திட்டம் பலன் குடுத்துச்சான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

கேள்வி:
படிப்பை பாதியில விட்டுடுவாங்கன்னு தோணற பசங்களுக்கு ஆளுக்கொரு டீச்சரை மென்டாரா போட்டு எங்க ஸ்கூல்ல ரெண்டு வருஷமா ஒரு திட்டம் நடக்குது. 40 பேரை சேர்த்தோம், 31 பேர் இன்னும் படிக்கறாங்க. இதையே வெற்றின்னு ரிப்போர்ட் எழுதச் சொல்றாங்க, எனக்குத்தான் மனசு ஒப்பல. வேற என்ன பாக்கணும்?

பதில் 1:
திட்டமே இல்லாட்டி எத்தனை பேர் படிப்பை விட்டிருப்பாங்க? அது தெரியாம 31ஐ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பேரன்ட்ஸ் சம்மதிச்ச பசங்களை மட்டும் எடுத்திருந்தீங்கன்னா அந்த வீட்ல ஏற்கனவே அக்கறை இருக்கு, அதோட ஒரு பையன் ரொம்ப மோசமா இருக்கற நேரத்துலதான் நாம அவனைப் பிடிச்சு உள்ள போடறோம், கொஞ்ச நாள்ல அவன் தானாவே ஓரளவு தேறுவான், பேரு நமக்கு. இடம் பத்தாம வெயிட்டிங் லிஸ்ட் இருந்தா அடுத்த தடவை குலுக்கிப் போட்டு எடுங்க, கிடைக்காதவங்களோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.

பதில் 2:
அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல 1990ல ஆரம்பிச்ச செக் அண்ட் கனெக்ட்ங்கற திட்டம் கிட்டத்தட்ட உங்க திட்டம் மாதிரிதான். குலுக்கல் முறையில சோதிச்சதுல பசங்க ஸ்கூல்ல தங்கினது நல்லா தெரிஞ்சுது, ஆனா படிப்பை முடிச்சதுல பெருசா வித்தியாசம் தெரியல. அதனால "படிக்கறாங்க" தனி, "முடிச்சாங்க" தனி, ரெண்டையும் சேத்து எழுதிடாதீங்க. ஸ்கூல் நாள்ல 10 சதவீதத்துக்கு மேல லீவு போட்டவங்க எத்தனை பேருன்னும் எண்ணுங்க, ஒருத்தன் விடப்போறான்கறது அதுல முன்னாடியே தெரிஞ்சிடும்.

பதில் 3:
எண்ணலாம் சரி, ரெஜிஸ்டர் சரியா இருக்கணுமே! நான் மென்டாரா இருந்தப்போ ஒருத்தன் முதல் பீரியட்ல "பிரசன்ட் சார்"னு சத்தமா சொல்லிட்டு இன்டர்வல்ல பின் கேட் வழியா போயிடுவான். ரெஜிஸ்டர்ல ஃபுல் அட்டெண்டன்ஸ், மத்தியானம் பெஞ்சு காலி. மூணு மாசம் அவனை எங்க திட்டத்தோட சாதனைன்னு சொல்லிட்டு திரிஞ்சேன் 😀 அது இருக்கட்டும், மிச்ச 9 பேர் என்ன ஆனாங்க? "வேற ஸ்கூல் மாறிட்டான்"னு எழுதினா யாரும் கேக்க மாட்டாங்க, அங்க போய் சேந்தானான்னு விசாரிச்சீங்களா?

கேள்வி கேட்டவர்:
இல்லங்க. அதுல 4 பேருக்கு மாறிட்டாங்கன்னுதான் போட்டிருக்கு. நாளைக்கு வீட்டுக்கு போன் போட்டுப் பாக்கறேன். வெயிட்டிங் லிஸ்ட்டும் இருந்துச்சு, அந்த நோட்டு இப்ப யார்கிட்ட இருக்கோ தெரியல, தேடணும்.