மறு: கிட்டார்ச் சொற்கள் – பாலமா, குதிரையா?

குழுவினருக்கு வணக்கம்.

கிட்டார் உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாய் திறக்க வேண்டாம் என்றிருந்தேன். நேற்று வந்த பட்டியலில் ‘வால்துண்டு’ என்று ஒன்றைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மீன் வெட்டுகிற இடத்தில் காதில் விழும் சொல் அது. கிட்டாரில் அதற்கு என்ன வேலை?

> பிரிட்ஜ் – பாலம், டெயில்பீஸ் – வால்துண்டு, சாடில் – சேணம், ட்ரெமோலோ – நடுக்கம்.
> உதிரிபாகம் மாற்றும் வழிகாட்டியை இந்தச் சொற்களோடு எழுதத் தொடங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இந்த நான்கில் தேறுவது சேணம் மட்டும்தான். அதுவும் முதல் சொல்லை மாற்றினால்தான் தேறும்.

பாலம் என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக உதவுவது. கிட்டாரில் அந்த உறுப்பின் மேல் எதுவும் நடந்து அக்கரை சேர்வதில்லை. அது தந்தியைத் தூக்கிப் பிடிக்கிறது, அதிர்வு இந்த இடத்தோடு முடிகிறது என்று கோடு கிழிக்கிறது, அந்த அதிர்வை மரத்துக்குள் இறக்குகிறது. இந்த வேலையைச் செய்யும் உறுப்புக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. வீணையில் குடத்தின் மேல் நின்று, தலையில் பித்தளைத் தகட்டைச் சுமந்து, தந்திகளைத் தாங்குகிறதே, அதன் பெயர் குதிரை. வயலினில் நிற்பதும் குதிரைதான். இந்திக்காரர்கள் அதைப் பெண்குதிரை என்கிறார்கள். பிரெஞ்சில் ஷெவாலே, அதுவும் குதிரை என்ற சொல்லிலிருந்து பிறந்ததே. சுமப்பதைப் பார்த்தால் குதிரை நினைவுக்கு வருவது நமக்கு மட்டும் வந்த யோசனை இல்லை.

இப்போது சேணத்துக்கு, அதாவது அந்த உறுப்பின் மேல் தந்தி பதிந்து உட்காரும் சின்னத் துண்டுக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் பாலத்தின் மேல் சேணம் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர்ப் பாலத்துக்குச் சேணம் பூட்டுவார்கள்? தமிழிலோ குதிரை மேல் சேணம். மூலத்தில் இல்லாத பொருத்தம் தமிழில் தானாக வந்து விழுந்திருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பாலம் கட்டப் போகாதீர்கள்.

சொல் பொருந்தினால் விளக்கமும் எளிதாகிவிடும். ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய டெலிகாஸ்டர் கிட்டாரில் ஆறு தந்திக்கு மூன்றே சேணம். ஒவ்வொரு சேணத்திலும் இரண்டு தந்திகள் டபுள்ஸ் போகின்றன. ஒன்றுக்காகச் சேணத்தை நகர்த்தினால் கூட உட்கார்ந்திருப்பதும் சேர்ந்து நகரும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் சமாதானமாக வேண்டியதுதான். கிப்சன் நிறுவனம் 1954-இல் தன் லெஸ் பால் கஸ்டம் கிட்டாரில் பொருத்திய டியூன்-ஓ-மேட்டிக் குதிரையில் ஆறு தந்திக்கும் ஆறு தனிச் சேணங்கள். ஒவ்வொன்றையும் சின்னத் திருகாணியால் முன்னும் பின்னும் தள்ளலாம். பெயரைப் பார்த்துவிட்டு அது தானாகவே சுருதி சேர்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். அதில் ‘ஆட்டோமேட்டிக்’ எதுவும் கிடையாது, எல்லாம் கைவேலைதான். ஆகவே அந்தப் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். செய்கிற வேலையை வைத்து ‘நகர்சேணக் குதிரை’ என்று சொல்லிவிடலாம்.

> இன்டோனேஷனுக்கும் ‘சுருதி சேர்த்தல்’ போதுமே?

போதாது. சுருதி சேர்ப்பது, தந்தியைச் சுற்றியிருக்கும் முறுக்காணியான பிரடையை முறுக்குவது. இது வேறு. கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள்தான் மெட்டுகள். தந்தியை 12-வது மெட்டுக்கு நேர் மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் ஒரு மெல்லிய ஒலி வரும். அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் இன்னொரு ஒலி வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கொஞ்சம் ஏறி ஒலித்தால் சேணத்தைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியை நீட்ட வேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னுக்கு இழுக்க வேண்டும். சுருதியே சேர்ந்திருந்தாலும் இது கெட்டிருக்கலாம். இதற்கு ‘மெட்டுச் சீர்’ என்பது என் யோசனை. மெட்டுக்கு மெட்டு சுரம் சீராக வருகிறதா என்பதுதானே கேள்வி? இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், பிடிவாதம் இல்லை.

> தூய தமிழ் வேண்டுமென்றால் யாழின் உறுப்புப் பெயர்களை எடுக்கலாமே? பத்தர், கோடு, திவவு என்று எவ்வளவோ இருக்கின்றனவே.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் யாழ் வில் மாதிரி வளைந்த கருவி. நரம்புகள் வளைந்த தண்டான கோட்டிலிருந்து நேராக ஒலிப்பெட்டியான பத்தருக்குப் போய்விடும். நடுவில் தூக்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. இல்லாத உறுப்புக்கு யாழில் பெயர் தேடினால் எங்கே கிடைக்கும்? நரம்பைக் கட்டும் வார்க்கட்டான திவவு வேண்டுமானால் பிரடைப் பக்கம் உதவலாம். அதைப் பிரடைக்கான இழையில் பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது டெயில்பீஸ். இங்கேதான் சொல்லில் கவனம் வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் குழம்புவது இங்கேதான். குதிரை தந்தியைத் தாங்குகிறது. டெயில்பீஸ் தந்தியின் முனையை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. இரண்டும் தனித்தனியாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். 1952-இல் வந்த முதல் லெஸ் பால் கிட்டாரில் இரண்டும் ஒரே பொருள். உடலின் அடி விளிம்பிலிருந்து இரண்டு நீண்ட கம்பிகள் வந்து ஒரு குறுக்குத் தண்டைப் பிடித்திருந்தன, ஊஞ்சல் மாதிரி. தந்திகள் அந்தத் தண்டுக்கு அடியில் சுற்றிப் போனதால் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கி வாசிக்க வசதிப்படவில்லை. அடுத்த ஆண்டே அதை எடுத்துவிட்டு, தந்தி மேலே சுற்றிவரும் ஒற்றைத் தண்டை மரத்திலேயே இரண்டு காலில் நிறுத்தினார்கள். அப்புறம்தான் குதிரை தனி, கட்டுமிடம் தனி என்று ஆனது. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் தந்தி குதிரைக்கு அடியில் தொங்கும் உலோகக் கட்டைக்குள் போய் முடிகிறது, டெயில்பீஸ் என்று தனியாகக் காட்ட எதுவும் இல்லை.

வீணையில் இதற்கு நாகபாசம் என்று பெயர். அழகான சொல். எனக்கும் பிடிக்கும். ஆனால் கிட்டார் கற்கும் பையனிடம் ‘நாகபாசத்தைக் கழற்று’ என்றால் அவன் இந்திரஜித்தைத் தேடிப் போவான். ஆகவே என் ஓட்டு ‘தந்திப்பிணை’க்கு. தந்தியைப் பிணைப்பது, அவ்வளவுதான். நாகபாசத்தோடு வரும் லங்கரை மட்டும் விட்டுவிட வேண்டாம். வீணையில் நுண்ணிய சுருதி சேர்க்க உதவுவது லங்கர். ஃபிளாய்ட் ரோஸ் என்ற பூட்டுக் குதிரை அமைப்பில் தந்தியின் முனைகளைப் பூட்டிய பிறகு கடைசித் திருத்தம் செய்ய ஆறு சின்னத் திருகுகள் இருக்குமே, அவற்றுக்கு ‘லங்கர்த் திருகு’ என்றால் கச்சிதம்.

ட்ரெமோலோவை ‘நடுக்கம்’ ஆக்குவதற்கு எனக்குக் கடும் எதிர்ப்பு உண்டு. ட்ரெமோலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. கிட்டாரில் குதிரையோடு வரும் கோலைப் பிடித்து ஆட்டும்போது மாறுவது சுரம். அதற்கு வைப்ராட்டோ என்றுதான் பெயர். லியோ ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு கொண்டுவந்ததை ட்ரெமோலோ என்று அழைத்தார். ஒலியின் அளவை உண்மையிலேயே ஆட்டுகிற ஆம்ப்ளிஃபயர் வசதிக்கு அதே நிறுவனம் வைப்ராட்டோ என்று பெயர் போட்டது. தலைகீழ். அந்தத் தவறு ஆங்கிலத்தில் ஊறிப்போய்விட்டது, இனி மாற்ற முடியாது. நாமும் அதையே மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டுமா? ‘ஆடுகுதிரை’ என்று வைப்போம். வினைத்தொகை, ஆடியது, ஆடுகிறது, ஆடும், மூன்றும் அடங்கிவிடும். கையில் பிடிப்பது ‘ஆட்டுக்கோல்’.

திருகின் மரையைப் பற்றி ஒரு வரியாவது வழிகாட்டியில் இருக்கட்டும். சொல்லைத் திருத்தினால் போதாது, அளவும் வேண்டும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். ஒருமுறை டெயில்பீஸை மட்டும், அதைத் தாங்கும் திருகுக் காலோடு மாற்றினேன். ‘எல்லாம் ஒரே சைஸ்தான் சார்’ என்றார் விற்றவர். பார்வைக்கும் ஒரே தடிமன்தான். கால் இரண்டு சுற்று சுகமாக இறங்கியது. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. எண்ணெய் போட்டால் சரியாகும் என்று நினைத்து இன்னும் முறுக்கினேன். மரத்துக்குள் பதித்திருந்த உலோகக் குழலான புஷ் காலோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது, ஓரத்தில் மாவு மாதிரி மரத்தூள் எட்டிப் பார்த்தது. பிறகுதான் புரிந்தது: கிட்டாரில் இருந்த புஷ் 8 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். புதிய கால் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. தடிமனில் முடியளவு வித்தியாசம், மரையில் கணக்கே வேறு. மரை கழன்றது காலுக்கா எனக்கா என்று வீட்டில் கேட்டார்கள்.

———

அண்ணா, வணக்கம்.

குதிரைக்கும் சேணத்துக்கும் என் இரண்டு கையையும் தூக்குகிறேன். ‘தந்திப்பிணை’க்குத் தூக்க மாட்டேன். பிணை என்றாலே ஜாமீன்தான் கண்முன் வருகிறது. ‘பிணையை விடுவித்து, புதிய பிணையில் பொருத்தவும்’ என்று எழுதிப் பாருங்கள், நீதிமன்றச் செய்தி மாதிரி இருக்கும்.

குதிரையும் சேணமும் கொண்டுவந்தீர்கள். குதிரைக்குப் பக்கத்திலேயே கட்டி வைக்க என்ன இருக்கும்? தறி. கட்டுத்தறி. ஒரு முனையைக் கட்டி வைப்பதற்காக அசையாமல் நட்டு வைத்தது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியே கவி பாடும்போது கிட்டாரின் கட்டுத்தறி பாடாதா? நெசவுத் தறியோடு குழம்புமே என்று யாராவது கேட்பார்கள். குழம்பினாலும் கெட்டுப்போகாது, அங்கேயும் இழுத்துக் கட்டிய இழைகள்தான்.

வகைகளும் சுலபமாகப் பிரிகின்றன. மரத்தில் இரண்டு காலில் நிற்பது ‘நிலைத்தறி’. அடி விளிம்பிலிருந்து கம்பியில் வருவது ‘ஊஞ்சல் தறி’. தந்தியை மேலே சுற்றிவிடும் ஒற்றைத் தண்டில் குதிரையே தறி, அதனால் ‘சுற்றுக்குதிரை’.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆடுகுதிரை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். பிக்ஸ்பி என்ற ஆட்டுக்கோல் அமைப்பில் குதிரையா ஆடுகிறது? குதிரை தன்பாட்டில் நிற்கிறது, கோலை அழுத்தினால் பின்னால் தந்தி கட்டிய உருளைதான் சுழல்கிறது. அது ‘ஆடுதறி’. ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் ஃபிளாய்ட் ரோஸிலும் குதிரையே சாய்கிறது, அவைதான் ஆடுகுதிரை. வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஆடுதறி வைத்தால் தந்தி சேணத்தின் மேல் முன்னும் பின்னும் இழுபடும். உராய்வைக் குறைக்க உருளைச் சேணம் போட்ட குதிரையாகத் தேட வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இதை எப்படி எழுதுவீர்கள்?

‘மெட்டுச் சீர்’ நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

———

தங்கைக்கு,

தோற்றேன். தறியே இருக்கட்டும். ஆடுதறியும் சரி, எனக்குத் தோன்றாமல் போனது.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வழிகாட்டியில் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“மாற்றுக் குதிரை வாங்குமுன் பழைய குதிரையின் இரண்டு கால்களுக்கும் இடையே, நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கவும். கிப்சன் பாணியில் இது சுமார் 74 மில்லிமீட்டர், நிலைத்தறியின் கால்களுக்கு இடையே சுமார் 82. கால் நேராக மரத்தில் இறங்கியிருக்கிறதா, புஷ்ஷுக்குள் இறங்கியிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கவும். பழைய ஏபிஆர்-1 வகைக் குதிரைக்கு மெலிந்த கால், நேராக மரத்தில். நாஷ்வில் வகைக்குப் புஷ் உண்டு. குதிரையும் அகலமாக இருப்பதால் சேணம் நகரக் கூடுதல் இடம் கிடைக்கும். மெலிந்த காலின் மேல் பெரிய துளையுள்ள குதிரையை உட்காரவைத்தால் உட்காரும், ஆனால் ஆடும். சேணங்களின் வரிசை வளைவு, கழுத்தின் வளைவோடு ஒத்திருக்க வேண்டும். கிப்சனில் வழக்கமாக 12 அங்குல ஆரம், பழைய ஃபெண்டரில் 7.25. தறி துத்தநாகக் கலவையா அலுமினியமா என்பதையும் பார்க்கவும். அலுமினியம் எடை குறைவு. பொருத்திய பின் தறியை மிகவும் தாழ்த்தினால் தந்தி குதிரையின் பின்விளிம்பில் உரசும். உரசல் நிற்கும்வரை தறியை உயர்த்தவும்.”

ஒரு இடத்தில்தான் இடறுகிறது. ‘ஆனால் ஆடும்’ என்று எழுதியதும் ஆடுகுதிரை நினைவுக்கு வந்துவிட்டது. ‘தளரும்’ என்று மாற்றிவிடுகிறேன். மற்றபடி ஆங்கிலச் சொல்லே தெரியாத ஒருவர் இதைப் படித்துவிட்டுத் திருப்புளியை எடுக்கலாம் என்றுதான் படுகிறது. தவறு இருந்தால் சொல்லுங்கள்.

கழுத்தின் அந்த முனையில், பிரடைக்குப் பக்கத்தில், தந்தி உட்காரும் பள்ளங்களோடு எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்னத் துண்டு இருக்குமே, அதை ஆங்கிலத்தில் நட் என்கிறார்கள். அதை அப்படியே விட்டால் ‘நட்டைக் கழற்றவும்’ என்று படித்துவிட்டு யாராவது ஸ்பேனரோடு வருவார்கள். அதற்கு யாரிடம் என்ன சொல் இருக்கிறது?