வடக்குத் தெரு சொந்தங்க: சனிக்கிழமை வேன்

*காலை 5:48*

*சண்முகம் அண்ணாச்சி:* எல்லாரும் எந்திச்சாச்சா? திருநெல்வேலி சுத்திப் பாக்கப் போற வேன் பிள்ளையார் கோயில் முக்குல நிக்கி. தாமிரபரணியில, குறுக்குத்துறையில குளிக்கப் போறவங்க மாத்துத்துணி எடுத்துக்கோங்க.

*மீனா (சென்னை):* அண்ணாச்சி, பிள்ளைகளுக்குத் தலை சீவிட்டு இருக்கேன். அஞ்சு நிமிஷம்.

*பேச்சி ஆச்சி:* மீனா, வெறும் வயித்தோட பிள்ளைகளக் கூட்டிட்டுப் போவாத. இட்லியில மொளகாப்பொடி தடவி வச்சிருக்கேன். கதிர அனுப்பி வாங்கிக்கோ.

*கதிர்:* வாரேன் ஆச்சி. எண்ணெய் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க.

*காலை 6:52*

*கதிர்:* 📷 குறுக்குத்துறை. தண்ணி முட்டளவுதான் ஓடுது. பிள்ளைங்க ஏற மாட்டேங்கு.

*மீனா (சென்னை):* முருகன் கோயிலே ஆத்துக்குள்ள இருக்கே! வெள்ளம் வந்தா என்ன செய்வாங்க?

*சண்முகம் அண்ணாச்சி:* முங்கிரும்மா. 2023 டிசம்பர் வெள்ளத்துல அப்படித்தான் முங்கிச்சு. தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் உற்சவரையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாவ. வடிஞ்ச பொறவு மண்ண அள்ளி, கழுவி, திரும்பக் கொண்டாருவாவ. தண்ணி வார பக்கத்துச் சுவரைப் பாரு, கூரா கட்டியிருக்கு. வெள்ளம் ரெண்டாப் பிரிஞ்சு போவும். கட்டுனவன் ஆத்தைத் தெரிஞ்சவன்.

*பேச்சி ஆச்சி:* திருச்செந்தூர் முருகனையே அந்தப் பாறையிலதான் வடிச்சாவன்னு எங்க அய்யா சொல்லுவாவ.

*காலை 8:20*

*இசக்கி அக்கா:* நெல்லையப்பர் கோயிலுக்குள்ள வந்தாச்சு. கூட்டம் இல்ல. மணிமண்டபத்துல நிக்கோம். ஒரே கல்லுல நடுத்தூணும் சுத்திச் சின்னத் தூணுகளும், தட்டுனா இசை வரும்.

*பேச்சி ஆச்சி:* பிள்ளைகள தட்டிப் பாக்க விடாதீங்க. எத்தனை தலைமுறை தட்டுனது, கல்லு தேஞ்சிரும்.

*மீனா (சென்னை):* தாமிரசபையும் பாத்தோம். நடராசர் ஆடுன அஞ்சு சபையில இது ஒண்ணுன்னு கைடு சொன்னார். மத்தது எது எதுன்னு கேட்டா அடுத்த எடத்துக்குப் போயிட்டார்.

*சண்முகம் அண்ணாச்சி:* சிதம்பரம் பொன்னு, மதுரை வெள்ளி, திருவாலங்காடு ரத்தினம், குத்தாலம் சித்திரம், நம்மூரு தாமிரம். குத்தாலம் போனா சித்திரசபை ஓவியத்தைப் பாக்காம அருவியில மட்டும் குளிச்சிட்டு வந்திராதீங்க.

*மீனா (சென்னை):* சின்னவன் யானை எங்கன்னு அழுதான்.

*பேச்சி ஆச்சி:* காந்திமதி யானை 2025 சனவரியில இறந்து போயிட்டு தாயீ. தேருக்கு முன்னால அது நடந்து வார அழகு இருக்கே, இந்தத் தெருவே கண்ணு கலங்கிச்சு அன்னைக்கு.

*காலை 9:40*

*ரஹ்மத் அண்ணன்:* வேன் பாலத்துல போறதைக் கடையில இருந்து பாத்தேன். பாலத்துக் கதைய பிள்ளைங்களுக்குச் சொன்னியளா?

*கதிர்:* கைடு "சுலோச்சன முதலியார் பாலம்"னு பேரு மட்டும் சொன்னாரு அண்ணே.

*ரஹ்மத் அண்ணன்:* பேரு மட்டும் போதுமாடே? அதுக்கு முன்னால இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் படகுதான். தண்ணி கூடுனா படகும் கெடையாது. கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா, அதாவது தலைமைக் குமாஸ்தாவா இருந்த சுலோச்சன முதலியார் சொந்தச் சொத்தைக் குடுத்துக் கட்டுன பாலம். 1843ல தொறந்தாவ. பக்கத்துல நின்னு கீழ பாத்தா அந்தப் பழைய வளைவு இன்னும் தெரியும், மொத்தம் 11. இன்னைக்கும் நம்ம லோடு அதுமேலதான் போவுது.

*கதிர்:* சாயங்காலம் திரும்பி வரும்போது எறங்கிக் காட்டுதேன்.

*காலை 10:15*

*இசக்கி அக்கா:* பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்ச வெளியில இருந்து பாத்தாச்சு. 1826ல ரேனியஸ் பாதிரியார் காலத்துக் கோயில். மேடை போலீஸ் ஸ்டேஷன் வழியாப் போறோம். பழைய கோட்டை வாசல்.

*சண்முகம் அண்ணாச்சி:* கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையை அடைச்சு வச்சிருந்த கோட்டை இது. 1801 பிப்ரவரியில தப்பிச்சுப் போயி பாஞ்சாலங்குறிச்சிய மறுபடி கட்டுனாவ. மிச்சம் இருக்கறதுல இந்தச் சுவரும் ஒண்ணு, பாத்து வச்சுக்கோங்க.

*காலை 11:35*

*பாலு:* கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயில்ல எம்புட்டு நேரம்யா? டிரைவர் ஆரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு. கைடு இருபது நிமிஷம்தான்னு சொன்னாரு. இப்பமே ஒரு மணி நேரம் ஆவப்போவுது.

*சண்முகம் அண்ணாச்சி:* பாலு, கோவப்படாத. நான்தான் நிக்கச் சொன்னேன். இருபது நிமிஷத்துல வீரப்ப நாயக்கர் மண்டபத்தைப் பாக்க முடியாது.

*பாலு:* பெறவு பழைய தாழி தோண்டி எடுத்த ஆதிச்சநல்லூர்? அதுக்காகத்தான நான் லீவு போட்டேன்.

*இசக்கி அக்கா:* பாலு, நீ உள்ள வந்து குறவன் சிலையப் பாரு. ராசகுமாரியத் தோள்ல தூக்கிட்டு ஓடுதான். கால்ல நரம்பு பொடைச்சு நிக்கி. நகக்கண்ணு வரைக்கும் செதுக்கியிருக்கு. கல்லுன்னு மனசு ஒத்துக்க மாட்டேங்கு. அந்தப் பக்கம் கர்ணன் நாகாஸ்திரத்தைக் கையில வச்சிருக்கான்.

*மீனா (சென்னை):* பீமன் சிலைகிட்ட அண்ணாச்சி சொன்ன கதைதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. பாதி மனுஷன் பாதி மிருகமான புருஷாமிருகம் தொரத்துது, பீமன் எல்லையத் தாண்ட ஓடுறான். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. மிருகம் உள்ள இருந்த காலைப் பிடிச்சிருச்சு. நியாயம் சொல்ல தருமர் வாராரு. சொந்தத் தம்பின்னு பாக்காம "பாதி உடம்பு மிருகத்துக்கு"ன்னு தீர்ப்பு சொல்லுறாரு. பெரியவ சிலை முன்னாலயே உக்காந்து தருமர் முகத்த நோட்டுல வரைஞ்சுக்கிட்டு இருக்கா. இவள எழுப்ப எனக்கு மனசு வரல பாலு.

*பாலு:* சரி சரி. வாரேன் உள்ள.

*பகல் 12:20*

*பாலு:* 📷📷📷 குறத்தி. இந்த ரோட்டுல எத்தனை தடவை திருச்செந்தூருக்குப் போயிருப்பேன். ஒருக்கா எறங்கல.

*சண்முகம் அண்ணாச்சி:* நடை சாத்துற நேரம் வந்துட்டு, எல்லாரும் வெளிய வாங்க. சாப்பாட்டுக்குப் போவோம். பாலு, இதே ரோட்டுலதான் ஆதிச்சநல்லூர் இருக்கு. ஆனா பசியோட, உச்சி வெயில்ல, பிள்ளைகள வச்சுக்கிட்டு அந்தப் பறம்புல ஏத்துனா ஒண்ணும் மனசுல நிக்காது. அதுக்குத் தனி நாள் போடுவோம்.

*ரஹ்மத் அண்ணன்:* அண்ணாச்சி சொல்லுதது சரி. 1876ல ஜெர்மன்காரர் ஜாகர் தோண்டுனாவ, அப்புறம் அலெக்சாண்டர் ரீங்கிற வெள்ளைக்காரர் தோண்டுனாவ, 2004ல திரும்பத் தோண்டுனாவ. தங்கப் பட்டம், வெண்கலச் சாமான், செத்தவங்களப் பொதைச்ச முதுமக்கள் தாழி எல்லாம் கெடைச்சுது. தோண்டுன குழிக்கு மேலயே கண்ணாடி போட்டிருக்கு, காலுக்கடியில தாழி தெரியும். ஓடிப்போயிப் பாத்துட்டு வார எடமா அது?

*பாலு:* தனி நாளுன்னா எனக்குச் சம்மதம். ஆனா தேதிய இன்னைக்கே சொல்லிருங்க.

*மாலை 5:25*

*கதிர்:* கீழரதவீதி. இருட்டுக்கடை அல்வா வரிசையில நிக்கேன். யாருக்கு எவ்வளவுன்னு சீக்கிரம் போடுங்க, தீந்துட்டுன்னா கடையச் சாத்திருவாவ.

*இசக்கி அக்கா:* அரை கிலோ.

*மீனா (சென்னை):* ஒரு கிலோ, கால் கிலோ பொட்டலமா. ஆபீஸ்ல குடுக்கணும்.

*பேச்சி ஆச்சி:* எனக்கு அம்பது கிராம் சூடா எலையில வாங்கு. சக்கரைன்னு எவனும் பேசப்படாது.

*கதிர்:* பாலத்துல எறங்குனோம் ரஹ்மத் அண்ணே. சின்னவன் வளைவ எண்ணுனான். பத்துங்கான், திரும்ப எண்ணணும்னு அடம்.

*இரவு 8:10*

*சண்முகம் அண்ணாச்சி:* எல்லாரும் வீடு சேந்தாச்சா? ஆதிச்சநல்லூர் அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. காலையில அங்கன மட்டும். வெயிலு ஏறதுக்குள்ள திரும்பிருவோம். கைடு வேண்டாம், நம்மளே படிச்சிட்டுப் போவோம். பேரு குடுங்க.

*பாலு:* மொதப் பேரு என்னுது.

*பேச்சி ஆச்சி:* நானும் வாரேன். முன் சீட்டு எனக்கு.

*ரஹ்மத் அண்ணன்:* எங்க வீட்டுல மூணு பேரு. கடைய மச்சான் பாத்துக்கிடுவான்.