வரப்பில் நடந்தவனுக்குப் பந்து வருமா?

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர்:
கும்பகோணத்துக் கால்பந்துக் கோடை முகாம் ஒன்றின் அறிவிப்பில், "எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓட்டமும் தாவலும் கற்பிப்பது காலவிரயம், முதல் நாளிலிருந்தே பந்து" என்று எழுதியிருப்பதைப் படித்து மனம் கொதித்தது. 30 ஆண்டுகள் பிள்ளைகளை ஓடவைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாத பிள்ளைக்கு உதைக்க வராது, ஏனெனில் உதைக்கும் நொடியில் உடலின் பாரம் முழுவதையும் தாங்குவது ஊன்றிய கால். நொண்டியும் பாண்டியும் ஆடி, வாய்க்கால் தாண்டி, வரப்பில் ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சமநிலை தானாக வாய்த்தது.

குடந்தைப் பயிற்றுநர்:
அந்த அறிவிப்பை எழுதியவன் நான்தான்; ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். வரப்பில் நடந்தவனுக்கு வரப்பில் நடக்க வரும், பந்து வராது. எந்த அசைவைப் பழகுகிறோமோ அந்த அசைவில்தான் சமநிலை தேறுகிறது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்தான் பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். அதையும் நொண்டிக்குக் கொடுத்துவிட்டால் பந்தை எப்போது தொடுவார்கள்? வரப்பு போதுமென்றால் திருவாரூர், நாகை மாவட்டங்களின் பிள்ளைகள் அனைவரும் இந்நேரம் இந்திய அணியில் இருக்க வேண்டுமே, ஐயா!

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர்:
வரப்பைக் கேலி செய்யாதீர்கள். ஜெர்மனியில் கிப்ஹார்டும் ஷில்லிங்கும் 1974-இல் வகுத்த குழந்தைகளுக்கான உடல் ஒருங்கிணைப்புச் சோதனையில் முதல் அங்கமே, மூன்று மீட்டர் நீளமுள்ள கட்டைகளின் மேல் பின்னோக்கி நடப்பதுதான். கட்டையின் அகலம் 6, 4.5, 3 சென்டிமீட்டர் எனக் குறைந்துகொண்டே போகும். அடுத்த அங்கம் ஒற்றைக் காலால் தடை தாண்டுவது. நம் வரப்பும் நொண்டியும் அல்லாமல் இவை வேறென்ன? அடிப்படை அசைவுகளில் ஓர் எல்லையை எட்டாத பிள்ளைக்கு விளையாட்டின் நுட்பங்கள் எளிதில் கைவராது என்பதைத் 'தேர்ச்சித் தடை' என்று ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட் 1980-இலேயே எழுதியிருக்கிறார்.

நன்னிலம் வாசகி:
என் ஒன்பது வயது மகனுக்காகக் கேட்கிறேன். பிள்ளைகளின் உடலசைவுத் திறனை அளக்க டேல் உல்ரிச் வகுத்த சோதனையின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள 12 அடிப்படைத் திறன்களில் ஓட்டத்தோடும் தாவலோடும் உதைத்தலும் ஒன்றாக இருக்கிறது. அப்படியானால் 'அடிப்படை' என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றைத்தானா? மேலும், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் '11 பிளஸ் கிட்ஸ்' என்னும் முன்பயிற்சியில் ஒற்றைக் கால் சமநிலையும் தாவலும் விழும் முறையும் உண்டு. 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், அதனால் காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. இதற்கு இருவரும் விடை சொல்லுங்கள்.

குடந்தைப் பயிற்றுநர்:
நான் பேசுவது வரப்பைப் பற்றி. சோதனை என்பது அளவுகோல். காய்ச்சலை அளக்கும் கருவி காய்ச்சலுக்கு மருந்தாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த நட்புப் போட்டியில் ஆசிரியரின் பிள்ளைகள் மிக நன்றாக ஓடினார்கள். வந்த பந்தை நிறுத்தத் தெரியாமல் எங்களிடம் ஐந்து கோல் வாங்கினார்கள். அந்த வரப்பு அன்று எங்கே போயிற்று?

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர்:
அந்த ஆட்டத்தை இழுத்துவிட்டீர்கள், ஆகவே முழுவதையும் சொல்கிறேன். சம்பா அறுவடை முடிந்து வெடிப்பு விட்டிருந்த வயலில், அறுத்த தாளின் மேல், உங்கள் பிள்ளைகள் பூட்ஸ் அணிந்தும் எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடும் ஆடினார்கள். இரு அணியும் வெறுங்காலோடு ஆடலாம் என்று நான் கேட்டபோது மறுத்தது யார்? நடவு நேரத்தில் சேறு பூசிய வரப்பில் வழுக்காமல் ஓடுகிறவனின் கணுக்கால் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருநாள் நேரில் வந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

நீடாமங்கலத்தார்:
பள்ளி வேனில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு இன்று வரப்பு ஏது, ஐயா? என் பேரன் வயலில் கால் வைத்ததே இல்லை.

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர்:
அதனால்தான் முகாமில் கற்பிக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்! வீதியும் வயலும் கொடுத்ததை இனி நாம்தான் கொடுக்க வேண்டும். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதன்மேல் பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். உங்கள் முகாமில் எத்தனை பேர் கோட்டை விட்டு விலகாமல் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

குடந்தைப் பயிற்றுநர்:
கோட்டின்மேல் பந்தை உருட்டிக்கொண்டு வரச் சொல்வேன். பந்தில்லாமல் ஓரடியும் நடக்கவிடமாட்டேன்.

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர்:
முதலில் ஒற்றைக் காலில் நிற்கட்டும். வெறுங்காலோடு ஆடலாம் என்ற என் கேள்விக்கும் நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை.