புதுப்பிப்பு: திடீரென வேலை போய் ஊர் மாறியது பற்றி

வேலை போய் வேறு ஊருக்குக் குடிமாற வேண்டி வந்ததை எப்படி ஏற்றுக்கொள்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் பைபிளிலிருந்து எரேமியா 29:11-ஐ (கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்ற வசனம்) அனுப்பியிருந்தீர்கள், நன்றி. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லவில்லை. 70 வருடம் ஆகும் என்கிறது. அதுவரை? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். எனக்கு 11-ஆம் வசனத்தைவிட இதுதான் பெரிய ஆறுதல். அழக் கூடாது என்றும் இல்லை. சங்கீதம் 137 பாபிலோன் ஆற்றங்கரையில் அவர்கள் அழுத அழுகைதானே.

சரி, இப்போதைய நிலவரம்: வேலை இன்னும் அமையவில்லை. எப்படியும் திரும்பிவிடுவோம் என்று பிரிக்காமல் வைத்திருந்த பெட்டிகளைப் பிரித்து, புத்தகங்களை அடுக்கிவிட்டேன். இந்த ஊர் சபையில் சேர்ந்தாயிற்று. அப்புறம், பழைய அலுவலகத்தின் மேல் கசப்பு முழுதாகப் போகவில்லை. அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.