மாட் பாட்ரீஷியா நிஜமாகவே நல்ல டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரா?

கார்த்தி_கொலம்பஸ்

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2025 சீசன் முடிந்ததிலிருந்து, அதன் டிஃபென்ஸை நடத்திய பாட்ரீஷியாவைப் பற்றி எங்கே போனாலும் ஒரே பேச்சு: பாட்ரீஷியாவுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் அமைந்தார்கள், அவ்வளவுதான் என்று. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதற்காகவே இந்த இழை.

அமெரிக்கன் ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு: எதிரணி பந்தோடு நிற்கும்போது நம் பதினோரு பேரில் யார் எங்கே நிற்பது, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை யார் விரட்டுவது, யார் பின்னால் காவல் என்று ஒவ்வொரு பிளேக்கும், அதாவது பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சிக்கும், சொல்பவர்தான் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். 2024 சீசனில் ஓஹையோ ஸ்டேட் தேசியப் பட்டம் வென்றபோது அந்த வேலையில் இருந்தவர் ஜிம் நோல்ஸ். பட்டம் வென்ற கையோடு அவர் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். டிஃபென்ஸின் தொடக்க வரிசையில் எட்டுப் பேரைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் டிராஃப்டில் (புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுத்துக்கொண்டன.

இந்த நிலையில்தான் பாட்ரீஷியா வந்தார். முதல் ஆட்டமே டெக்சஸ், எதிரே அவர்களின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மானிங். 14-7 என்று ஜெயித்தோம். வழக்கமான சீசனின் 12 ஆட்டங்களில் எந்த அணியும் 16 புள்ளியைத் தாண்டவில்லை. அப்புறம் இண்டியானா 13 எடுத்தது, காட்டன் பௌலில் மயாமி பல்கலைக்கழகம் 24 எடுத்தது. அந்த 24-லும் ஏழு, நம் குவார்ட்டர்பேக் வீசிய பந்தை மயாமிக்காரர் பிடித்துக்கொண்டு ஓடியதால் வந்தது. டிஃபென்ஸ் அப்போது களத்திலேயே இல்லை. சீசன் முழுக்கச் சராசரி பத்துப் புள்ளிக்கும் குறைவு. நாட்டிலேயே முதலிடம். இதற்கு மேல் ஒரு கோஆர்டினேட்டர் என்ன செய்து காட்ட வேண்டும்?

பிளிட்ஸ்_பாலா

அண்ணா, ஒரு வருஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? மனிதரின் மொத்தக் கணக்கையும் பாருங்கள்.

என்எஃப்எல்லில் டெட்ராய்ட் லயன்ஸின் தலைமைப் பயிற்சியாளராக 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு டிரா. டிஃபென்ஸ் தெரிந்தவர் என்றுதான் அவரைக் கூட்டிவந்தார்கள். 2020-ல் லயன்ஸ் கொடுத்த 519 புள்ளிகள் லீக்கிலேயே மோசம். சீசன் முடியும் முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது பிலடெல்பியா ஈகிள்ஸ், 2023. பத்து ஆட்டம் ஜெயித்து ஒன்று மட்டும் தோற்றிருந்த அணி அது. டிசம்பரில் டிஃபென்ஸ் தடுமாறியதும் ஷான் தேசாயிடமிருந்து பிளே சொல்லும் வேலையைப் பிடுங்கி பாட்ரீஷியாவிடம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஐந்து ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. மூன்றே வெற்றியோடு வந்த அரிசோனா, ஈகிள்ஸின் சொந்த மைதானத்தில் 35 அடித்துவிட்டுப் போனது. பிளேஆஃபில் டாம்பாவிடம் 32-9.

இப்போது சொல்லுங்கள். ஓஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் கேலப் டௌன்ஸ், சானி ஸ்டைல்ஸ், ஆர்வெல் ரீஸ் மூவரும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும்போது முதலிடம் வந்தால், அது யாருடைய முதலிடம்?

சிவகாமி

கார்த்தி, பாலா, இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் யோசிக்கிறீர்கள்: அணியின் தரவரிசையை எடுத்து அப்படியே பயிற்சியாளரின் பெயருக்கு நேராக எழுதிவிடுகிறீர்கள்.

நோல்ஸ் கதையைப் பாருங்கள். 2024-ல் அவர் நடத்திய ஓஹையோ ஸ்டேட் டிஃபென்ஸும் குறைந்த புள்ளி கொடுத்ததில் நாட்டிலேயே முதல். 2025-ல் பாட்ரீஷியா நடத்தியதும் முதல். அதே 2025-ல் நோல்ஸ் பென் ஸ்டேட்டில் என்ன ஆனார்? அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத யூசிஎல்ஏ 42 புள்ளி எடுத்தது. அடுத்த வாரம் நார்த்வெஸ்டர்னிடமும் தோற்று, தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் வேலையே போயிற்று. நவம்பர் 1 அன்று கொலம்பஸுக்கு வந்தபோது பழைய அணி அவருக்கு எதிராக 38 அடித்தது.

ஒரே மனிதர், ஒன்பது மாத இடைவெளி. பட்டம் வென்ற ஜனவரியில் கெட்டிக்காரர், அக்டோபரில் ஒன்றும் தெரியாதவர் என்று ஆகிவிட முடியாது. வந்தவர் போனவர் யாராக இருந்தாலும் கொலம்பஸில் டிஃபென்ஸ் நிற்கிறது என்றால், அங்கே ஆள் சேர்ப்பு, பணம், 2014-லிருந்து லைன்காரர்களுக்குப் பயிற்சி தரும் லாரி ஜான்சன் என்று வேறு பல விஷயங்களும் அந்தத் தரவரிசைக்குள் இருக்கின்றன.

கார்த்தி_கொலம்பஸ்

அக்கா, ஆள் சேர்ப்பு எல்லாம் சரி. ஆனால் கேடன் கரி? மூன்று வருஷம் பெரும்பாலும் மாற்று ஆளாக இருந்தவர், 2025-ல் 11 சாக், அதாவது குவார்ட்டர்பேக் பந்தை வீசும் முன்பே 11 முறை பிடித்து வீழ்த்தினார். கேடன் மெக்டொனால்டும் அப்படித்தான், முந்தைய வருஷம் பெரியவர்களுக்குப் பின்னால் நின்றவர். ரீஸை பாட்ரீஷியா பயன்படுத்திய விதத்தைப் பாருங்கள். ஒரு பிளேயில் நடுவில் லைன்பேக்கராக நிற்பார், அடுத்ததில் ஓரத்திலிருந்து பாய்வார். டௌன்ஸையும் ஓரிடத்தில் நிறுத்திவைக்கவில்லை. ஸ்னாப்புக்கு (பிளே தொடங்கும் கணத்துக்கு) முன்னால் குவார்ட்டர்பேக் எதைப் பார்த்தாலும் ஸ்னாப்புக்குப் பின்னால் அது வேறாக இருந்தது. டெக்சஸ் ஆட்டத்தில் நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், அவர்களைத் திரும்பத் திரும்ப நிறுத்தியது அதனால்தான். ஆட்டக்காரரின் திறமை அவருடையது, அவரை எங்கே நிறுத்துவது என்பது பயிற்சியாளருடையது.

ராஜநாயகம்

புள்ளியா யார்டா (எதிரணி முன்னேறிய தூரமா) என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017-ல் என்எஃப்எல்லின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், பாட்ரீஷியாவின் டிஃபென்ஸ்: யார்டு கணக்கில் 29-ம் இடம், புள்ளிக் கணக்கில் 5-ம் இடம். நடுமைதானத்தில் விட்டுக்கொடுத்து, கோல் கோட்டருகே இறுக்குவார்கள். எதிரணி எப்போதும் தன் கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தால் நிறைய யார்டு ஓடியும் புள்ளி வராது. அதில் டாம் பிரேடியின் அஃபென்ஸுக்கும் உதைப்பவர்களுக்கும் பங்கு உண்டு. இன்னொன்று, 2025 ஓஹையோ ஸ்டேட் மெதுவாக ஆடிய அணி. எதிரணிக்குப் பந்து கிடைக்கும் முறையே குறைவு. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் அந்த டிஃபென்ஸ் இருப்பதைவிட அழகாகத் தெரியும். பந்து கிடைத்த ஒவ்வொரு முறைக்கும் எத்தனை என்று பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தாலும் அது நல்ல டிஃபென்ஸ்தான், அதை நான் மறுக்கவில்லை.

பிளிட்ஸ்_பாலா

2017-ஐ ராஜநாயகம் ஐயா தொட்டதும் நல்லதாயிற்று. அந்தச் சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் என்ன நடந்தது? ஈகிள்ஸின் மாற்றுக் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் ஆடி 41 புள்ளி, 538 யார்டு. பாட்ரீஷியா டெட்ராய்ட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் அதே பேட்ரியாட்ஸில் பிரையன் ஃபுளோரெஸ் பிளே சொன்னார். கோஆர்டினேட்டர் என்ற பதவிப் பெயர்கூட அவருக்கு இல்லை. சூப்பர் பௌலில் ராம்ஸ் எடுத்தது மூன்றே புள்ளி.

அதே கிளப், அதே தலைமைப் பயிற்சியாளர் பெல்லிசெக், பெரும்பாலும் அதே ஆட்கள். இதைவிடத் தெளிவான சோதனை எங்கே கிடைக்கும்?

சிவகாமி

தம்பி பாலா, அது தெளிவான சோதனை இல்லை. ஃபோல்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கார்னர் (பந்து பிடிக்க ஓடுபவர்களை ஓரத்தில் காப்பவர்) மால்கம் பட்லரை டிஃபென்ஸில் ஒரு ஸ்னாப்கூட ஆடவிடவில்லை. அது தலைமைப் பயிற்சியாளர் பெல்லிசெக்கின் முடிவு. அடுத்த வருஷத்துக்கு இன்னொரு கார்னர் ஸ்டெஃபான் கில்மோர் இன்னும் நன்றாக ஊன்றிவிட்டார். பெல்லிசெக் இருக்கும் இடத்தில் டிஃபென்ஸின் பெருமையையும் பழியையும் கோஆர்டினேட்டர் பெயரில் பிரித்து எழுத வெளியிலிருந்து யாராலும் முடியாது. இந்த வகையில் பார்த்தால் ஃபுளோரெஸின் மூன்று புள்ளியும் முழுக்க ஃபுளோரெஸுடையது இல்லை.

நீங்கள் சொன்ன ஈகிள்ஸ்தான் எனக்கு உருப்படியான உதாரணமாகப் படுகிறது, அதையே முழுசாகப் பார்ப்போம். 2023-ல் அவர்கள் கொடுத்தது 428 புள்ளி, 32 அணிகளில் 30-ம் இடம். 2024-ல் விக் ஃபேன்ஜியோ வந்தார். யார்டு கணக்கில் முதலிடம், புள்ளியில் இரண்டாமிடம். சூப்பர் பௌலில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்தார்கள். மூன்றாம் கால்பகுதியில் ஒரு கட்டத்தில் 34-0. அவசரப்பட்டு “ஃபேன்ஜியோ மேதை, பாட்ரீஷியா பூஜ்யம்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் கார்னர்கள் மாறிவிட்டார்கள். முதல் சுற்றில் குவின்யன் மிட்செல், இரண்டாம் சுற்றில் கூப்பர் டிஜீன். ஜேலன் கார்ட்டருக்கு இரண்டாவது வருஷம். அந்த ஆட்களை எடுத்தது பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன்.

அப்படியானால் ஃபேன்ஜியோவின் பங்கு எங்கே தெரிகிறது? சாக் பான் என்ற ஒருவரிடத்தில். நியூ ஆர்லியன்ஸில் ஓரத்து ஆளாகவும், பந்தை உதைக்கும் பிளேக்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸிலும் ஓடிக்கொண்டிருந்தவர். ஈகிள்ஸ் அவரை ஒரு வருஷத்துக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்தது, அந்த லீக்கில் அது சில்லறைக் காசு. அவரை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வருஷமே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-புரோவில் முதல் அணி. முந்தைய அணி நாலு வருஷம் வைத்திருந்தும் பார்க்காததை இங்கே பார்த்தார்கள். இது மேலாளரின் பணத்தால் வந்தது இல்லை.

இன்னொன்று அந்த சூப்பர் பௌலில். கான்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸுக்கு எதிராக ஈகிள்ஸ் ஒருமுறைகூட பிளிட்ஸ் செய்யவில்லை, அதாவது அவரை விரட்டக் கூடுதல் ஆட்களை அனுப்பவில்லை. நாலு பேரை மட்டும் அனுப்பி ஆறு சாக். முன்வரிசை நாலு பேரால் முடியும் என்று நம்பி, ஏழு பேரைப் பின்னால் விட்டு, ஸ்கோர் என்னவானாலும் அதிலேயே நிற்பதற்குத் தைரியம் வேண்டும். நான் ஒரு கோஆர்டினேட்டரை எடைபோடும்போது இந்த மாதிரி இடங்களைத்தான் தேடுவேன், தரவரிசையை அல்ல.

பிளிட்ஸ்_பாலா

அக்கா, சாக் பான் விஷயம் சரி. ஆனால் அதே ஃபேன்ஜியோ 2023-ல் மயாமி டால்ஃபின்ஸில் இருந்தார். புள்ளிக் கணக்கில் 22-ம் இடம், ஒரே வருஷத்தில் பிரிந்துவிட்டார்கள். அங்கே ஏன் அந்த மாயம் நடக்கவில்லை?

சிவகாமி

ஜேலன் ராம்ஸி பாதி சீசன் இல்லை, ஜேலன் பிலிப்ஸ் நவம்பரில் அடிபட்டார், பிராட்லி சப் டிசம்பர் கடைசியில். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. 22-ம் இடம் அவரைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

டர்ன்ஓவரும், அதாவது எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், அப்படித்தான். 2018-ல் ஃபேன்ஜியோ நடத்திய சிகாகோ பேர்ஸ் 36 டர்ன்ஓவர் பறித்தது, லீக்கிலேயே அதிகம். அடுத்த வருஷம் அவர் போய் சக் பகானோ வந்ததும் 19. பகானோவை எல்லோரும் திட்டினார்கள். ஆனால் கொடுத்த புள்ளியில் பேர்ஸ் அப்போதும் 4-ம் இடம். கையில் பட்டுத் தெறித்த பந்து யாரிடம் விழுகிறது என்பதை எந்த கோஆர்டினேட்டரும் முடிவு செய்வதில்லை. அதை வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பதும் பறிப்பதும் அநியாயம்.

கார்த்தி_கொலம்பஸ்

அக்கா சொல்வதோடு நான் இன்னொன்றைச் சேர்ப்பேன்: அதே எதிரணியை இரண்டாம் முறை சந்திக்கும்போது என்ன மாறியது? நோல்ஸை நான் மதிப்பது இதனால்தான். 2024 அக்டோபரில் யூஜீனில் ஓரிகன் நம்மை 32-31 என்று தோற்கடித்தது. அவர்களின் குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியல் நம் கார்னர்களைத் தேடித் தேடி அடித்தார். நோல்ஸ் அதோடு விட்டுவிடவில்லை. அழுத்தம் தரும் விதத்தை மாற்றினார், டௌன்ஸை முன்வரிசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஜனவரி 1 அன்று ரோஸ் பௌலில் அதே ஓரிகனை, அதே கேப்ரியலை எட்டு முறை சாக் செய்தோம். 41-21. ஆட்கள் அவர்களேதான். மாறியது திட்டம் மட்டும்.

ராஜநாயகம்

ரோஸ் பௌல் வெற்றியை நோல்ஸ் ஒருவர் பெயரில் எழுதுவது சரியா, கார்த்தி? தலைமைப் பயிற்சியாளர் ரயன் டே இருக்கிறார், ஜான்சன் இருக்கிறார். அந்த இடைவெளியில் அறைக்குள் யார் எதைச் சொன்னார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. தனியாகவே செய்தார் என்றால் பென் ஸ்டேட்டுக்கும் அந்தத் திறமை கூடப் போயிருக்க வேண்டும்.

பிளிட்ஸ்_பாலா

அதுதான் என் கேள்வியும். கார்த்தி அண்ணா, உங்கள் அளவுகோலையே பாட்ரீஷியாவிடம் வையுங்கள். 2025-ல் எந்த அணியையும் அவர் இரண்டாம் முறை சந்திக்கவில்லை. வழக்கமான சீசனில் ஓரிகனும் இண்டியானாவும் அட்டவணையிலேயே இல்லை. பலமான இண்டியானா வந்தபோது, நாம் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதியில், ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாத நேரத்தில் மூன்றாவது டவுனில் நிறுத்தினால் நமக்குப் பந்து வரும் என்ற நிலை. அவர்களின் குவார்ட்டர்பேக் மென்டோசா சார்லி பெக்கருக்கு 33 யார்டு வீசினார். 13-10, கதை முடிந்தது. மயாமிக்கு எதிராகவும் கடைசியில் அவர்கள் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைத் தின்று ஓடியே டச்டவுன் போட்டார்கள், நம்மால் நிறுத்த முடியவில்லை. ரட்கர்ஸுக்கு 9, விஸ்கான்சினுக்கு 0 என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

கார்த்தி_கொலம்பஸ்

13 புள்ளி கொடுத்துத் தோற்ற ஆட்டத்துக்கு டிஃபென்ஸைக் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. 10 புள்ளி எடுத்த அஃபென்ஸைக் கேளுங்கள். மென்டோசா சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், அந்த வீச்சும் அப்படிப்பட்ட வீச்சு. காவலுக்கு ஆள் அருகிலேயே இருந்தார்.

ஆனால் இரண்டாம் முறை என்ற கேள்வி நியாயமானது. பதில் வருவதற்கும் ரொம்ப நாள் இல்லை. செப்டம்பரில் ஆஸ்டினில் மறுபடி டெக்சஸ். மானிங் பழைய ஆட்டத்தின் ஒவ்வொரு ஸ்னாப்பையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். இந்தப் பக்கம் டௌன்ஸ், ஸ்டைல்ஸ், ரீஸ் மூவரும் என்எஃப்எல்லுக்குப் போய்விடுகிறார்கள்.

பிளிட்ஸ்_பாலா

ஸ்கோரை விடுங்கள். ரீஸ் நின்ற இடத்தில் புதிதாக யார் நிற்கிறார், முதல் பாதியில் மானிங் அடித்த பிளேயை இரண்டாம் பாதியிலும் அடிக்க முடிகிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசுகிறேன். முடியவில்லை என்றால் பாட்ரீஷியா பக்கம் வர எனக்குத் தயக்கமில்லை.

சிவகாமி

ஒரு ஆட்டம் போதாது, பாலா. நவம்பர் வரைக்கும் பாருங்கள்.