மறு: என்ஜாம்ப்மென்ட் – ‘அடிதாண்டல்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கவிதை உத்திகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பட்டியலில் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், முரண் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. நம் அணியிலக்கணமும் யாப்பிலக்கணமுமே சொல் கொடுத்துவிட்டன. என்ஜாம்ப்மென்டில்தான் வந்து நிற்கிறோம். அடி முடிந்துவிடுகிறது, தொடர் முடியாமல் அடுத்த அடிக்குள் போகிறது. இதற்குப் பெயர் வேண்டும். என் பரிந்துரை ‘அடிதாண்டல்’. ஏற்கெனவே வந்த சொற்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘வகையுளி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, வகையுளி சீரின் எல்லையில் நடப்பது. ‘காய்கவர்ந் தற்று’ என்று குறளில் வரும்போது ‘கவர்ந்தற்று’ என்ற சொல்லைச் சீர்க் கணக்குக்காகப் பிளக்கிறோம். அங்கே பொருள் எங்கும் காத்து நிற்பதில்லை. நாம் பேசுவது சொல் பிளப்பதைப் பற்றி அல்ல, தொடர் பிளப்பதைப் பற்றி. அதுவும் அடியின் எல்லையில். வகையுளியை இதற்கும் கொடுத்துவிட்டால், யாப்பு படிக்கிறவர்களுக்கு இருந்த தெளிவும் போய்விடும்.

> ஆற்றுநீர்ப் பொருள்கோள் என்றே சொல்லிவிடலாமே.

ஆறு ஓடுவதுபோல் சொற்கள் கிடக்கும் வரிசையிலேயே பொருள் கொண்டு போவது அது. இது ஆசை காட்டுகிற யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளும் சொற்களையோ அடிகளையோ எந்த வரிசையில் கொண்டு பொருள் கொள்வது என்பதைப் பற்றியவை. அடியின் ஓரத்தில் தொடர் முடிகிறதா, தாண்டுகிறதா என்பதற்கு அவை பெயர் தருவதில்லை. ஆற்றுநீருக்கு வழக்கமாகக் காட்டும் சிந்தாமணிப் பாட்டையே பாருங்கள்:

சொல்லருஞ் சூற்பசும் பாம்பின் தோற்றம்போல்
மெல்லவே கருவிருந் தீன்று மேலலார்
செல்வமே போல்தலை நிறுவித் தேர்ந்தநூற்
கல்விசேர் மாந்தரின் இறைஞ்சிக் காய்த்தவே

முதல் அடி ‘தோற்றம்போல்’ என்று ஒரு துண்டாக முடிந்துவிடுகிறது. இரண்டாவது அடி ‘மேலலார்’ என்று அந்தரத்தில் நிற்க, ‘செல்வமே’ அடுத்த அடியில் வருகிறது. ‘தேர்ந்தநூற் / கல்வி’யும் அப்படித்தான். ஒரே பாட்டில், ஒரே பொருள்கோளுக்குள், இரண்டு வகை அடிமுடிவும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் நமக்கு உதவாது.

> ‘அடியோட்டம்’ இனிமையாக இருக்கிறது.

இனிமைதான். என் தயக்கம் ஓட்டம் என்பதில் இருக்கிறது. தடையே இல்லாத இடத்திலும் ஓட்டம் உண்டு. இந்த உத்தியின் பலனோ தடையிலிருந்துதான் பிறக்கிறது. அடி ‘நில்’ என்கிறது, தொடர் ‘வா’ என்கிறது. அந்த ஒரு கணத்தில் வாசகர் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வரம்பு இருந்தால்தானே தாண்ட முடியும்? ‘தாண்டல்’ அந்த வரம்பையும் சேர்த்தே சொல்கிறது. பிரெஞ்சுச் சொல்லும் காலை எட்டி வைத்துத் தாண்டுவதிலிருந்து வந்ததுதான். அங்கே அந்த வரம்பு எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதற்கு 1830இல் பாரிசில் மேடையேறிய விக்டர் ஹியூகோவின் ‘ஹெர்னானி’ நாடகம் சாட்சி. ‘மறைவான படிக்கட்டு’ என்ற தொடரில் (பிரெஞ்சில் இங்கே அடைமொழி பெயருக்குப் பின்னால் வரும்) படிக்கட்டை முதல் அடியின் கடைசியிலும் மறைவான என்பதை இரண்டாம் அடியின் தலையிலும் வைத்தார். பழைய மரபைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பெரிய அத்துமீறல்.

சரி, தமிழில் இது என்ன செய்கிறது? குறளிலிருந்து ஒன்று போதும்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

‘கற்பவை’யோடு ஒரு கட்டளை முடிந்துவிட்டது. ஆனால் அடியில் இன்னும் ஒரு சீருக்கு இடம் இருக்கிறது. அதில் ‘கற்றபின்’ வந்து உட்கார்கிறது. கற்றபின் என்ன? அடி முடிந்துவிட்டது, பதில் இல்லை. அடுத்த அடியின் முதல் சொல்லாக ‘நிற்க’ வந்து விழுகிறது. ‘கற்பவை கசடறக் கற்க, கற்றபின் அதற்குத் தக நிற்க’ என்று உரைநடையாக்கிப் பாருங்கள். பொருள் ஓர் இம்மிகூடக் குறையாது. அந்த அடி விழுகிற சத்தம் மட்டும் இருக்காது.

இதில் நமக்கே உரிய ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளின் இயைபுப் பாட்டில் ஒலி ஒத்து வருவது அடியின் கடைசியில். அங்கே காது அடியின் ஓரத்தில் நிற்கப் பழகியிருக்கும். தாண்டும்போது அந்த நிறுத்தம் குலைகிறது. நம் மரபில் எதுகையும் மோனையும் அடியின் தலையில் இருக்கின்றன. அதனால் தாண்டிப் போய் விழுகிற சொல்தான் பெரும்பாலும் எதுகையைச் சுமக்கிறது. கற்க–நிற்க. முதல் குறளிலேயே ‘ஆதி’ ஓரத்தில் தனித்து நிற்க, ‘அகர’வுக்கு எதுகையாகப் ‘பகவன்’ வந்து இறங்குகிறது. தொங்கி நிற்கும் சொல்லைவிட இறங்கும் சொல்லுக்கு இங்கே கனம் அதிகம். பட்டியலில் விளக்கம் எழுதும்போது இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பிறமொழிக் கையேட்டின் விளக்கத்தை அப்படியே இறக்கினால் இது விடுபட்டுப்போகும்.

அப்புறம், ஒற்று. மேலே ‘தேர்ந்தநூற்’ என்று அடி முடிந்ததே, அந்த ‘ற்’ எங்கிருந்து வந்தது? அடுத்த அடியின் ‘கல்வி’யிலிருந்து. மூதுரையில் ‘தாளுண்ட நீரைத்’ என்று ஓர் அடி முடிய, ‘தலையாலே’ என்று அடுத்தது தொடங்குகிறது. புணர்ச்சி அடியின் ஓரத்தைப் பார்த்து நிற்பதில்லை. கையை நீட்டி அடுத்த அடியைப் பிடித்துக்கொள்கிறது. புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்கு இது நல்ல கருவி. அடியின் கடைசியில் ஒற்றைப் போட்டால், ‘இன்னும் முடியவில்லை’ என்று கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். போடாமல் விட்டால் அந்த அடி தனியாகவே முடிந்ததுபோல் தோன்றி, அடுத்த அடி வந்ததும் அர்த்தம் திரும்பும். பிழை திருத்துகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒற்றைச் செருகிவிடக் கூடாது.

சொல்லின் பயன்பாட்டைப் பொறுத்தவரை ‘அடிதாண்டல்’ நன்றாக வளைகிறது: தொடர் அடி தாண்டுகிறது, அடிதாண்டிய தொடர், அடிதாண்டாத அடிகள். எதிர்ச்சொல்லுக்கு ‘அடிமுற்று’ வேண்டாம். முற்று என்றதும் வினைமுற்று நினைவுக்கு வரும். ‘தோற்றம்போல்’ மாதிரி முற்று இல்லாமலே அடி நிறைவதும் உண்டே. ‘அடிநிறைவு’ போதும்.

‘புதுக்கவிதையில் இருப்பது வரிதானே, அடி எங்கே?’ என்று கேட்ட அம்மாவுக்கு: பேச்சில் வரி என்றே சொல்லலாம். ஆனால் அடியெதுகை, அடிமோனை, அடிமறிமாற்று என்று நம் கூட்டுச்சொற்கள் எல்லாம் அடியை வைத்தே இருக்கின்றன. அந்தக் குடும்பத்தோடு இதுவும் இருக்கட்டும்.

பாட்டு விட்டுப் பாட்டு தாண்டுவதற்குப் புதுச்சொல் தேவையில்லை. பல பாட்டுகள் ஒரே வினையில் போய் முடிவதைத் தண்டியலங்காரம் ‘குளகம்’ என்கிறது, அதையே நீட்டிக்கொள்ளலாம்.

ஒன்றுதான் பாக்கி. ‘கற்றபின்’ போல ஓரத்தில் தொங்கும் சொல்லுக்கும், ‘நிற்க’ போல இறங்கும் சொல்லுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். பிரெஞ்சில் இரண்டுக்கும் உண்டு. ‘தனிச்சொல்’ நேரிசை வெண்பாவுக்குப் போய்விட்டது, அதைத் தொட முடியாது. இரண்டாவதற்கு ‘இறங்குசொல்’ என்று வைத்திருக்கிறேன். முதலாவதற்கு யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்