ரெண்டு லட்சத்துக்குள்ள சத்தம் போடாத கேமிங் கம்ப்யூட்டர்: லயத்து வீட்டுக்குச் சரி வருமா?

ப்ளேன்டீ (தலவாக்கலை)
வணக்கம். கையில ரெண்டு லட்சம் ரூபா சேர்த்து வச்சிருக்கேன். 75 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் ஒன்னு ஏற்கனவே இருக்கு. வேலை முடிஞ்சு வந்து ராத்திரியிலதான் விளையாட முடியும். எங்களோடது தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு, வரிசையா ஒட்டிக் கட்டினது, காம்பராவுக்கு (அறைக்கு) நடுவுல வெறும் பலகைதான். அந்தப் பக்கம் தங்கச்சி ஓ.எல். பரீட்சைக்குப் படிக்குது, அம்மா விடிஞ்சதும் கொழுந்து பறிக்கப் போகணும். கூட்டாளி வீட்டு மெஷின்ல கேம் லோட் ஆனதும் பக்கத்துல இருக்கிறவங்க பேசுறதே கேக்கல. அப்படி ஒன்னு நமக்கு ஆகாது. என்னா வாங்கலாம்?

பழைய_இரும்பு (அட்டன்)
தம்பி, புதுசு பக்கமே போகாதீங்க. 2024 ஜனவரியிலயிருந்து வற் வரி 18 வீதம், அதையும் உங்க தலையிலதான் கட்டுவாங்க. ஒஃபிஸ்ல கழிச்சு விட்ட டெல் ஒப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்னு எடுங்க, கேம் ஓட்டுறதுக்கு ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்னு சொருகுங்க. 75 வாட், தனி பவர் வயர் இல்லாத மொடலே இருக்கு. பாதிக் காசு மிஞ்சும். ‘சைலன்ட்’னு பெட்டியில அச்சடிச்சு விக்கிறது எல்லாம் யாவாரம். தகரத்துல மழை அடிச்சா ஃபேனாவது ஒன்னாவது!

வாட்_கணக்கு (நுவரெலியா)
அண்ணே, ஜனவரி, பெப்ரவரியில தகரத்துல என்னா மழை அடிக்குது? அந்த ராத்திரிகள்ல நாய் குரைக்கிறது தோட்டத்துல மூணு டிவிஷன் தாண்டிக் கேக்கும்.

பெட்டியில அச்சடிச்சது யாவாரம்ங்கிறது சரி. சத்தம் குறையிறது வாட்லதான். எரியிற ஒவ்வொரு வாட்டும் சூடாகும், அதை வெளிய தள்ளத்தான் ஃபேன் ஓடுது. கிராஃபிக்ஸ் கார்டுல ஆர்எக்ஸ் 580 குடிக்கிறது 185 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 குடிக்கிறது 170. ஆர்எக்ஸ் 6600க்கு 132 போதும், அதுவும் 580ஐ விட எவ்வளவோ வேகம். கூட ப்ரொசெஸருக்கு ரைசன் 5 5600, 65 வாட். கார்டை மட்டும் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா பட்ஜெட்டுக்குள்ள அடங்கப் பாக்கும்.

அடுத்தது ஃபேன். ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். அதே மாதிரி இன்னொன்னைச் சேர்த்தா கூடுறது 3 டெசிபல்தான். அதனால நிமிஷத்துக்கு 1500 சுத்துல ஓடுற ஒன்னுக்குப் பதிலா 750ல ரெண்டு போடுங்க, காத்து கிட்டத்தட்ட அதே அளவு, காதுக்கு மட்டும் வித்தியாசம் பெருசு. ஒப்டிப்ளெக்ஸ் பெட்டியில இது நடக்காது. இடம் இல்ல, நிறைய மொடல்ல பவர் சப்ளையும் போர்டும் அவங்களுக்கே உரிய அளவு, நினைச்சதை மாத்த முடியாது.

கண்டி_ப்ரேம்ஸ் (கண்டி)
ரெண்டு பேருமே கேமை விட்டுட்டுப் பேசுறீங்க. பழைய 3060 கிடைச்சா விடாதீங்க, 12 ஜிபி மெமரி. 6600 மாதிரி 8 ஜிபி கார்டை இன்னும் கொஞ்ச நாள்ல தூக்கி வைக்கணும். சத்தம்னா ஹெட்போன் போட்டுக்குங்க, முடிஞ்சிச்சு.

ப்ளேன்டீ
ஹெட்போன் எனக்குச் சரி. தங்கச்சிக்கு யாரு போட்டு விடுறது? 😄

பழைய_இரும்பு
வாட் தம்பி, ஒன்னு கேக்குறேன். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். காத்தே மெல்லிசு. மெதுவா சுத்துற உங்க ஃபேன் அதுல என்னத்தை அள்ளும்?

வாட்_கணக்கு
நல்ல கேள்விதான். கடல் மட்டத்தோட பாத்தா இங்க காத்தழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு குறைவு, ஃபேன் அள்ளிட்டுப் போற சூடும் கொஞ்சம் குறையும். கொழும்புல அறைச் சூட்டுக்கு மேல 45 பாகை ஏறுற சிப், இங்க 50, 52னு ஏறலாம். ஆனா கொழும்புல சராசரி 27, 28 பாகை, இங்க 16. உயரத்தால போறது அஞ்சு, ஏழு பாகை, குளிரால வர்றது பன்னெண்டு. மிச்சம் நம்ம பக்கம்தான். தலவாக்கலை இன்னும் கீழ, அங்க காத்தும் இவ்வளவு மெல்லிசு இல்ல.

கண்டி நண்பருக்கு: 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் செக்கனுக்கு 75 ஃப்ரேம் (படம்) தான் காட்டும், அதுல 140 ஓட்டி என்னா பிரயோசனம்? 75லயே கட்டிப் போடுங்க, கார்டு பாதி நேரம் சும்மா கிடக்கும், ஃபேனும் ஏறாது. மெனு ஸ்கிரீன்ல முந்நூறு ஃப்ரேம் ஓடி கார்டுல இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) கீச்சுக் கீச்சுனு கத்துறதும் நின்னுடும். கார்டோட வோல்டேஜையும், அதைச் செய்யிற ஏஎம்டி கம்பெனியோட சொஃப்ட்வேர்லயே கொஞ்சம் இறக்கலாம், சல்லிச் செலவில்ல.

கண்டி_ப்ரேம்ஸ்
ஃப்ரேமைக் கட்டினா 3060ம் அடங்கும். அப்ப உங்க 132 வாட் வாதம் எங்க போச்சு?

பனிமூட்டம் (பண்டாரவளை)
நான் ரிப்பேர் கடையில நிக்கிறவன். வாட் வாதம் கிடக்கட்டும், செகண்ட் ஹேண்ட்ல கார்டோட நிலைமைதான் முக்கியம். 2022 செப்டம்பர்ல எதீரியம் மைனிங் (கார்டை ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிக்கிறது) நின்ன பிறகு ராப்பகலா ஓடின கார்டுங்க நிறைய சந்தைக்கு வந்திச்சு. சிப் நல்லாவே இருக்கும், ஃபேன் பேரிங் தேஞ்சிருக்கும். காசு குடுக்க முந்தி ஃபேனை 100 வீதத்துல விட்டுட்டு, 30க்கு இறக்கிக் காதைப் பக்கத்துல வைங்க. வேகமா ஓடுறப்ப எல்லாம் ஒரே இரைச்சல்தான், கர்ர்ர் கர்ர்ர்னு உள்ள அரைக்கிறது மெதுவா ஓடுறப்பதான் தெரியும். அது கேட்டா ஃபேன் மாத்துற காசை விலையில கழிக்கச் சொல்லுங்க.

பலகை வீட்டுக்கு இன்னொன்னு. மேசையைப் பலகையோட ஒட்டிப் போடாதீங்க, அதிர்வு அப்படியே அந்தப் பக்கம் போயிடும். பழைய டயர் டியூபை நாலு துண்டா வெட்டி கேஸ் காலுக்கு அடியில வைங்க. உள்ள சுத்துற ஹார்ட் டிஸ்க் வேணாம், சுத்தாத எஸ்எஸ்டி மட்டும். பனிக்குப் பயப்பட வேணாம், ஓடிக்கிட்டு இருக்கிற மெஷின் அறையை விடச் சூடு, அதுல ஈரம் படியாது. நிறுத்தி வச்சிருக்கிறப்ப ஜன்னலைச் சாத்திடுங்க.

ப்ளேன்டீ
நல்லதுங்க எல்லாருக்கும். 5600ம் ஆர்எக்ஸ் 6600ம்னு முடிவு பண்ணிட்டேன். நானுஓயாவுல ஒருத்தர் கார்டு விக்கிறாரு, ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்குறேன். ஃபேன் காசை அப்புறமா யோசிப்போம்.

பழைய_இரும்பு
போங்க போங்க. ஆனா ஏப்ரல்ல பின்னேரத்து இடி மின்னல் தொடங்கினா ப்ளக்கையும் இன்டர்நெட் வர்ற லேன் வயரையும் கழட்டி வைங்க, அதுக்கு வாட் கணக்கு எதுவும் தேவையில்ல. 1650 வேணும்னா என்கிட்ட ஒன்னு கிடக்கு.

கண்டி_ப்ரேம்ஸ்
ஓ, அதுக்குத்தான் இவ்வளவு நேரமா!